ஆடியில் சேர்ந்த ஜோடி

ஆனி 30, ஞாயிறு

பிரமு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. இரண்டு சூட்கேஸ், ஒரு கிரைண்டர், சாக்கு நிறைய எவர்சில்வர் பாத்திரம். ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, "பின்னால வேற லோடு வருதாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பகீர் என்றது. நல்லவேளை, இவ்வளவுதானாம்.

அம்பாசமுத்திரத்தில் அவள் குடியிருந்த வாடகை வீட்டை இடித்து மாடி கட்டப் போகிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ரிட்டயர் ஆனவள், அண்ணன் வீட்டை விட்டால் எங்கே போவாள்? நியாயம்தான். ஆனால் அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இது இப்போது அண்ணன் வீடு இல்லை, என் வீடு. மாமியார், மாமனார், அவர், பையன் என்று எல்லாருக்கும் இடம் விட்டு இடம் விட்டு, எந்த ஜன்னலைத் திறப்பது எதைச் சாத்துவது என்று நானே முடிவு செய்கிற காலம் இப்போதுதான் வந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். என் பூனைக்காலம் அதற்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது.

"கொஞ்ச நாளைக்குத்தான் மதினி. பெரியண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

அந்தப் பெரியண்ணன், அதாவது எனக்கு அத்தான், மதுரையில் இருக்கிறார். சூட்டோடு சூடாக நானே அவருக்குப் போன் போட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். மகளுக்குப் பேறுகாலம் வருகிறது, வீட்டோடு ஒரு ஆள் வேண்டும், வெளியாளை வைத்தால் கட்டுப்படியாகாது. "நாளைக்கே கார் எடுத்துட்டு வாரேன் ஆவுடை" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, ஆடி பொறக்கப் போகுதேம்மா." ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? அதற்கு முன்னால் இருக்கிற ரெண்டு நாளும் நாள் சரியில்லையாம். ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறார்.

ஆக, ஒரு ஆடி மாசம். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து தீபாவளிக் கூட்டத்தையே சமாளித்தவள் நான். இந்த ஒருத்தியைச் சமாளிக்க முடியாதா?

ஆனி 31, திங்கள்

பிரமு மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இருக்கும்போது இது கெடையாதே மதினி" என்றாள். ஆமாம், கிடையாது. வீட்டுக்கு ஆகாது என்று அவர் கடைசிவரை வாங்க விடவில்லை. போன தை மாசம் நானே சமாதானபுரம் போய், பால்துரை கடையில் தொட்டி வாங்கி, ஆறு ஏஞ்சல் மீன் குட்டி வாங்கி வந்தேன். அப்போது எட்டணாக் காசு அகலம்தான். இன்றைக்கு ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

அன்றைக்கு ஆண் பெண் பார்த்து ஒரு ஜோடி கொடுங்கள் என்று பால்துரையிடம் கேட்டேன். "குட்டியில யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆறு எடுத்துட்டுப் போங்க. வளந்ததும் அதுகளே பாத்துச் சோடி சேந்துக்கும். சேந்தா ஒங்களுக்கே தெரியும், மத்ததையெல்லாம் அடிச்சு வெரட்டும்" என்றார். அஞ்சாறு மாசமாகப் பார்க்கிறேன். ஆறும் ஒற்றுமையாகத் தீனி தின்கின்றன. இவை சம்சாரம் பண்ணுகிற ஜாதி இல்லை போலிருக்கிறது.

ஆடி 1, புதன்

சாம்பார் எதிர் வீட்டுக்கு ஒரு தூக்கு, மேல் வீட்டுக்கு ஒரு தூக்கு, வாட்ச்மேனுக்கு ஒரு தூக்கு. இன்னும் இருக்கிறது.

ஆடி 3, வெள்ளி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துச் சமைத்து அவளுக்கு இரண்டு பேருக்குக் குழம்பு வைக்கக் கை வரவில்லை. நான் அளந்து எடுத்துவைக்கிற பருப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இது காக்காவுக்கா மதினி?" என்கிறாள்.

சாமி அலமாரியில் என் பிள்ளையார் ஓரத்துக்குப் போய்விட்டார், நடுவில் அவளுடைய இசக்கியம்மன் படம். காலையில் திரும்ப மாற்றி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் அம்மன். தொட்டிக்கு எதிரே கிடக்கிற பிரம்பு நாற்காலி என்னுடையது. அதிலும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? "அங்கன வெயிலடிக்குமே பிரமு" என்றேன். "இருக்கட்டும் மதினி" என்றாள். இந்த "இருக்கட்டும் மதினி"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தால், அதற்கும் ஒரு இருக்கட்டும். சுவரில் பந்தடித்தாலாவது திரும்பி வரும்.

தொட்டியிலும் ஏதோ நடக்கிறது. பெரிய மீன், கறுப்புப் பட்டை அழுத்தமாக இருப்பது, பில்டர் குழாய் பக்கம் யாரையும் விடவில்லை. இன்னொன்று மட்டும் அதன் கூடவே நிற்கலாம்.

ஆடி 5, ஞாயிறு

பிரமுதான் கூப்பிட்டாள். "மதினி, ஓடியாங்க, ரெண்டும் கடிச்சுக்கிட்டுச் சாவுது!"

போய்ப் பார்த்தால், பெரியதும் அதன் கூட நிற்பதும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு, நீ இழு நான் இழு என்று மல்லுக்கட்டுகின்றன. வலையைப் போட்டுப் பிரிக்கலாம் என்று எடுத்தேன். எதற்கும் பால்துரையைக் கேட்போம் என்று போன் போட்டேன். அவர் சிரிக்கிறார். "அது சண்ட இல்லம்மா. தாக்குப்பிடிக்குமான்னு ஒண்ண ஒண்ணு பரிச்ச பண்ணிப் பாக்குது. விட்டுக்கொடுக்காம நிக்கும் பாருங்க, அதோடதான் அது குடும்பம் நடத்தும்." அப்புறம், "என்னம்மா இது, ஊரெல்லாம் ஆடிக்குப் புதுப்பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்புது, ஒங்க வீட்டுல ஆடியில சோடி சேருது" என்றார்.

பெரியதுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேர் வைத்தேன். அதிகாரமாக அங்கும் இங்கும் போய்வருகிறது. மற்றது அவர் வீட்டம்மா.

பையன் பூனாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவான். இன்றைக்கு வேலை போலிருக்கிறது.

ஆடி 9, வியாழன்

முட்டை! மாஸ்டர் இரண்டு நாளாகக் குழாயை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இன்றைக்கு மத்தியானம் வீட்டம்மா கீழிருந்து மேலாக ஊர்ந்துபோய் ஜவ்வரிசி ஒட்டினாற்போல் வரிசையாக முட்டை வைத்தது. அது விலகியதும் மாஸ்டரும் அதே போல ஊர்ந்து போனார். இரண்டும் மாற்றி மாற்றித் துடுப்பால் விசிறுகின்றன.

மற்ற நாலும் பாவம். எதிர் மூலையில், மேலே, தண்ணீர் மட்டத்தை ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் கீழே இறங்கினாலும் மாஸ்டர் பாய்கிறார். தொட்டியில் முக்கால்வாசி இந்த இரண்டு பேருக்கு.

"எல்லாம் பிள்ளைக்காகத்தானே மதினி" என்றாள் பிரமு. அவள் நாற்காலியில், நான் ஸ்டூலில்.

ஆடி 11, சனி

முட்டை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சாயங்காலம் அவையே தின்றுவிட்டன. முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்கிறார் பால்துரை. ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனூண்டு முட்டைக்கு இப்படி ஒரு துக்கமா என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஆடி 15, புதன்

அத்தான் போன். அங்கே தயாராக இருக்கிறதாம். பிரமுவுக்குப் பின்கட்டில், வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டாயிற்றாம். "அவளுக்கு என்ன, எங்க போட்டாலும் படுத்துக்கிடுவா" என்றார். இதையே நான் நூறு தடவை நினைத்திருப்பேன். அவர் வாயால் கேட்டபோது நன்றாக இல்லை.

அவளிடம் சொன்னேன். "இருக்கட்டும் மதினி" என்றாள்.

ஆடி 18, சனி

பெருக்கு. காலையில் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் சுமாராகத்தான் போகிறது. அவள் கட்டிய எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் படித்துறையில் முன்பின் தெரியாத பத்துப் பேர் சாப்பிட்டார்கள். எல்லாரும் பிரமுவிடம் பக்குவம் கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தால் மறுபடியும் முட்டை. போன தடவையை விட ஒன்றரை மடங்கு இருக்கும். வாட்ச்மேனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். பிரமு சாயங்காலம் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆடி 20, திங்கள்

மறுபடியும் வெள்ளை. எல்லாம். ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். அவள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "அய்யோ, இந்தத் தடவையும் போச்சே மதினி" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஒட்டுதல் எனக்கு எரிச்சலாக இருந்தது. என் தொட்டி, என் மீன், என் நாற்காலி. "போகாம என்ன செய்யும்? பெத்தவ கண்ணு பட்டாத் தேறும். பெறாதவ நாள் பூரா குத்துக்கல்லு மாதிரி உக்காந்து பாத்தா எப்படிப் பொரிக்கும்?" என்றேன்.

இருக்கட்டும் மதினி என்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஆமா, நான் பெறல. நீங்க பெத்தியள்லா? பெத்த பிள்ள எங்க? மூணு ஞாத்துக்கிழமையா போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியளே, நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

அப்புறம் நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பிள்ளையார், அம்மன், பருப்பு, நாற்காலி எல்லாம் வெளியே வந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. ஒன்று மட்டும் உண்மையை எழுதுகிறேன்: இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரோடும் நான் இப்படி மனசு திறந்து சண்டை போட்டதில்லை. மாமியாரிடம் முடியாது. அவரிடம் போட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இவள் போகவில்லை. எதிரே நின்றாள்.

ஆடி 21, செவ்வாய்

பேச்சு வார்த்தை இல்லை. இடது அடுப்பு எனக்கு, வலது அடுப்பு அவளுக்கு. இரண்டு உப்பு டப்பா. வலது அடுப்பில் முதல் தடவையாக ஒரே ஒரு ஆளுக்குக் குழம்பு கொதித்தது. ரொம்பச் சின்னக் கிண்ணம்.

ஆடி 23, வியாழன்

பல் டாக்டரிடம் போனேன். காலையிலேயே பேப்பரில் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர மின்தடை. மறந்தே போனேன். டாக்டர் வீட்டு வாசலில் கூட்டம் வேறு. என் முறை வந்து, பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அனுப்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆட்டோவில் வரும்போது தெருவில் ஒரு கடையிலும் லைட் எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. கரண்டு இல்லையென்றால் காற்று மோட்டார் ஓடாது. அந்த வெக்கையில், ஆறு பெரிய மீன். போயே போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன்.

உள்ளே பிரமு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு இடுப்பில், கையில் செம்பு. தொட்டித் தண்ணீரை மொண்டு, காப்பி ஆற்றுவது போல மேலிருந்து மெல்லிசாக ஊற்றுகிறாள். மறுபடி மொள்கிறாள், மறுபடி ஊற்றுகிறாள். தரையெல்லாம் ஈரம். என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துச்சு. பால்துரைக்குப் போன் போட்டேன். தண்ணிய ஆத்திக்கிட்டே இருக்கச் சொன்னாரு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கரண்டு போனதிலிருந்தாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வலது அடுப்பில் காலை இட்லிச் சட்டி அப்படியே இருந்தது, திறக்கவே இல்லை.

செம்பை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். "என் அடுப்புல சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுளா" என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவளுக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. போய்ப் போட்டுக்கொண்டாள். கரண்டு வருகிறவரை ஆள் மாற்றி ஆள் ஆற்றினோம். ஆறும் பிழைத்துக்கொண்டன.

ஆடி 25, சனி

காப்பி குடிக்கும்போது சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புளா."

"தப்புதான் மதினி" என்றாள்.

இருக்கட்டும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், எனக்கு லேசாகப் போயிருக்கும். சொல்லவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் தம்பியப் பத்திச் சொன்னதும் தப்பு" என்றாள். என் பையனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள். "இல்லை, அது சரிதான்" என்றேன். இரண்டு பேரும் காப்பியைக் குடித்து முடித்தோம்.

ஆடி 29, புதன்

நேற்று மூன்றாவது தடவை முட்டை. எதற்கும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள் என்று பால்துரையை வரச் சொல்லியிருந்தேன். தண்ணீரைச் சோதிக்கிற குப்பி எல்லாம் கொண்டுவந்தார். அதற்கெல்லாம் வேலையே இருக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து இரண்டின் வயிற்றுக்கும் கீழே பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, ரெண்டும் பொட்டைல்லா!"

எனக்குப் புரியவில்லை. மாஸ்டர் எப்படிப் பெண்ணாகும்? "அவரு தானே எல்லாத்தையும் வெரட்டுதாரு?" என்றேன்.

"வெரட்டுனா ஆம்பளையா? வயித்துக்குக் கீழ முட்ட போடுத கொழாயப் பாருங்க, ரெண்டுக்கும் மொண்ணையா இருக்கு. ஆணுக்கு ஊசியா இருக்கும். தோதான ஆணு கெடைக்கலேன்னா பொட்டையும் பொட்டையும் இப்படிச் சோடி சேந்துக்கும்மா. எடம் பிடிக்கும், காவல் காக்கும், விசிறும், எல்லாம் முறையாச் செய்யும். ரெண்டும் போட்ட முட்டதான் இது. அதான் எப்பவும் இம்புட்டு நெறைய. ஆனா பொரிக்காது."

நான் பிரமுவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இரண்டு தடவையும் வெள்ளையானதற்கு யார் கண்ணும் காரணம் இல்லை. அவளிடம் நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது பிரமு சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "மாஸ்டர்னா ஆம்பளதான்னு ஒங்களுக்கு யாரு மதினி சொன்னா? காலம்பூரா ரயில்வேயில இருந்தவுக நீங்களே இப்படி நெனச்சா?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பால்துரை எங்களைப் பார்த்துப் பயந்திருப்பார்.

போகும்போது, வெள்ளிக்கிழமை ஒரு நல்ல ஆண் மீனோடு வருவதாகவும், இதில் ஒன்றை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். சரி என்றேன்.

ஆடி 31, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். அவள் அளவில்தான். பிறகு அவள் சூட்கேஸை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். சேலையை மடித்து வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் அடுக்குகிறாள்.

பால்துரை வந்தார். பாலித்தீன் பையில் ஆண் மீன், நல்ல வெள்ளி நிறம். தொட்டிக்குள் வலையை விட்டார். மாஸ்டர் ஓடி ஒளியவில்லை, நேரே வந்து வலையைக் கடித்தது. மற்றது அதன் பக்கத்திலேயே வந்து நின்றது. "அடேயப்பா" என்றார் பால்துரை. "சொல்லுங்கம்மா, எத எடுக்க? எத எடுத்தாலும் ஒண்ணுதான்."

கவுண்டரில் ஒரு நிமிஷத்தில் நாலு டிக்கெட் கொடுத்தவளுக்கு இதில் ஒன்றைக் கை காட்டத் தெரியவில்லை.

"அந்த மூலையில நிக்கிற நாலையும் எடுத்துட்டுப் போங்க. கடையிலயாவது மூச்சு விட்டுத் திரியட்டும்" என்றேன்.

"அப்ப இது ரெண்டும்?"

"இருக்கட்டும்."

"பொரிக்காதும்மா."

"பொரிக்காட்டாப் போகுது. நான் என்ன மீன் பண்ணையா வச்சிருக்கேன்?"

அவர் ஆண் மீனையும் நாலையும் கொண்டுபோய்விட்டார். நான் அத்தானுக்குப் போன் போடுவதற்காகச் செல்லை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். வரச் சொன்னதே நான்தான், இப்போது என்ன என்று சொல்வது? அதுகூடப் பரவாயில்லை, என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். பிரமுவிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? இங்கேயே இரு என்று நான் கேட்டு, "இல்ல மதினி, போறேன்" என்று அவள் சொல்லிவிட்டால்? சொல்ல அவளுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நான்தான் கொடுத்தேன்.

எனக்கு அவள் போகக்கூடாது. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆவணி 1, சனி

இன்றும் கேட்கவில்லை. கோழை.

ஆவணி 2, ஞாயிறு

அத்தான் காலையிலேயே வந்துவிட்டார், டிரைவரோடு. இட்லி சாப்பிட்டார், சட்னி பிரமாதம் என்றார். அது பிரமு அரைத்தது. அவளுடைய சூட்கேஸ் இரண்டும், கிரைண்டரும், சாக்கும் வாசலுக்குப் போய்விட்டன. "ஒனக்கும் பாரம் கொறஞ்சுது ஆவுடை" என்று கை கழுவினார். துண்டை நீட்டியபடி நான் சொன்னேன்:

"அத்தான், அவ இங்கயே இருக்கட்டும்."

"யாரு?"

"பிரமு."

அவர் சிரித்தார். "நீதானம்மா போன் போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொன்ன?"

"போட்டேன். தப்பு."

"என்ன திடீர்னு? ஏதும் விசேஷமா?"

எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. "அவ சட்னி நல்லா அரைப்பா" என்றேன். இந்த வயதில் இப்படி ஒரு அசட்டுப் பதிலை என் வாயால் நானே கேட்டேன். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

அத்தானுக்கு முகம் மாறிவிட்டது. மகள் பேறுகாலம், ஏற்பாடெல்லாம் ஆயிற்று, இப்போது வந்து விளையாடுகிறாயா என்றார். அப்புறம், நியாயமான மனுஷர்தான், "அவளையே கேப்போம்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். பிரமு ஈரக் கையோடு வந்தாள். "நீ சொல்லு பிரமு. மதினி வீட்டுல ஒனக்கு என்ன இருக்கு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் இல்லை என்று எத்தனை பேரிடம் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன். இப்போது கவுண்டருக்கு வெளியே நான் நிற்கிறேன்.

"இங்க சண்ட இருக்குண்ணே" என்றாள்.

"அப்புறம் என்ன? கெளம்பு."

"இல்லண்ணே, கேளுங்க. ஒங்க வீட்டுக்கு வந்தா யாரும் எங்கூடச் சண்ட போட மாட்டாங்க. அத்த இதச் செய்யி, அத்த அத எடுன்னு மரியாதையா வேல சொல்லுவாங்க. நானும் இருக்கட்டும் இருக்கட்டும்னு செஞ்சுக்கிட்டே கெடப்பேன். அம்மாட்டயும் அப்படித்தான் கெடந்தேன், பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் கெடந்தேன். இந்த வயசுக்கு எங்கூட சரிக்குச் சரி நின்னு சண்ட போட்டது மதினி ஒருத்திதான். சண்ட போட்டுட்டு, தப்புன்னு சொன்னதும் அவுகதான். நான் இங்கதான் இருப்பேன்."

அத்தான் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, குரல் இறங்கிவிட்டது. "பேறுகாலத்துக்காவது வருவியா?"

"பத்து நாளைக்கு வாரேண்ணே. வந்துட்டு திரும்பி வந்துருவேன்."

அவர் காரில் ஏறிப் போனார். கோபமாகப் போனாரா இல்லையா என்று தெரியவில்லை, போன் பண்ணிப் பேச வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிரமு பார்த்தாள், சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

இனி துணிமணியைச் சூட்கேஸிலேயே வைத்திருக்க முடியாது. என் வீட்டுக்காரருடைய பீரோவைத் திறந்து ஒழித்துக் கொடுத்தேன். எந்தத் தட்டு யாருக்கு என்பதில் சாயங்காலம் வரை ஒரே சண்டை. மேல் தட்டுதான் வேண்டும் என்கிறாள். எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறுவாய், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்றேன். "நீங்க பாப்பிய" என்றாள். மேல் தட்டு அவளுக்குத்தான்.